கோணல் நாதத்துக்கு இடம் விட்டவர்



ஜாஸ் என்றதும் டிரம்பெட்டும் சாக்ஸபோனும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். இன்று நான் பேசப்போவது ஒரு கிளாரினெட் கலைஞரைப் பற்றி. பெயர் பீ வீ ரஸ்ஸல். 1967 பிப்ரவரியில், 60 வயதான அவரையும் 34 வயது ஆலிவர் நெல்சனையும் சேர்த்து, தயாரிப்பாளர் பாப் தீல் இம்பல்ஸ் நிறுவனத்துக்காக ஓர் இசைத்தட்டு பதிவு செய்தார். தட்டின் பெயர் 'தி ஸ்பிரிட் ஆஃப் 67'.

இருவருமே அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் பக்கத்துக்காரர்கள். ஆனால் இசையில் இரண்டு தலைமுறை இடைவெளி. ரஸ்ஸல் 1920-களில் கார்னெட் கலைஞர் பிக்ஸ் பைடர்பெக்கோடு வாசித்தவர். நெல்சன் 1961-இல் 'தி ப்ளூஸ் அண்ட் தி அப்ஸ்ட்ராக்ட் ட்ரூத்' என்ற தட்டினால் நவீன ஜாஸில் பெயர் வாங்கியவர். பெரிய வாத்தியக் குழுவுக்கு ஒவ்வொரு வாத்தியம் வாரியாகச் சுரம் எழுதும் அரேஞ்சர்.

ரஸ்ஸலின் வாசிப்பைக் கொஞ்சம் விளக்க வேண்டும். புகழ்பெற்ற கிளாரினெட் கலைஞர் பென்னி குட்மனின் வாசிப்பில் சுரங்கள் பளிச்சென்று, சுத்தமாக விழும். ரஸ்ஸலிடம் அப்படி இல்லை. சுரத்தைக் கொஞ்சம் கீழே தொட்டு, மெல்ல மேலே இழுத்து நிறுத்துவார். நடுவில் நாதம் பிசிறும், தொண்டையிலிருந்து ஓர் உறுமல் எழும், திடீரென்று மூச்சுக்காற்று மட்டும் மிஞ்சும். இதைக் கேட்டு, கை தேராதவர் என்று நினைத்தவர்கள் உண்டு. அந்த எண்ணம் பிழை. அடுத்து எந்தச் சுரம் வரும் என்று நாம் எதிர்பார்க்கிறோமோ அதை விட்டுவிட்டு, பக்கத்திலிருக்கும் வேறொன்றை அவர் எடுப்பார். எடுத்த பிறகு அதுதான் சரி என்று படும். 1963-இல் நியூபோர்ட் ஜாஸ் விழாவில் நவீன ஜாஸ் பியானோ கலைஞர் தெலோனியஸ் மாங்க்கோடு அவர் வாசிக்க முடிந்ததற்கும் இந்தக் காதுதான் காரணம்.

இந்தத் தட்டில் நெல்சன் செய்ததுபோல், இப்படிப்பட்ட ஒருவரைச் சுற்றி ஒரு பெரிய குழுவை நிறுத்துவதில் ஆபத்து இருக்கிறது. பித்தளை வாத்தியங்கள் எழுதிவைத்த கணக்கில் ஒன்றாக முழங்கும்போது, பக்கத்தில் ஒலிக்கும் பிசிறு தவறாகவே கேட்கும். நெல்சன் அந்தப் பிசிறைத் திருத்தப் பார்க்கவில்லை என்பதுதான் இந்தத் தட்டின் சிறப்பு. 'பீ வீஸ் ப்ளூஸ்' ரஸ்ஸலுடைய சொந்த உருப்படி. கீழ் ஸ்தாயியில், பேச்சுக் குரல் போல, அவசரமில்லாமல் அவர் சொல்லிக்கொண்டு போவதற்கு அங்கே இடம் இருக்கிறது. 'சிக்ஸ் அண்ட் ஃபோர்' இன்னும் துணிச்சலான தேர்வு. 1961-இல் நவீன ஜாஸ் கலைஞர் எரிக் டால்ஃபியோடு நெல்சன் பதிவு செய்திருந்த உருப்படியை, பழைய தலைமுறைக்காரர் ஒருவர் கையில் கொடுத்திருக்கிறார். ரஸ்ஸல் அங்கே விருந்தாளி போல ஒதுங்கி நிற்கவில்லை.

எல்லாமே இந்தத் தரத்தில் இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். 'தி ஷேடோ ஆஃப் யுவர் ஸ்மைல்' அந்த நாளில் எல்லாரும் எடுத்து வாசித்த சினிமாப் பாட்டு. ரஸ்ஸலுக்கு அதில் பெரிதாக வேலை இல்லை. சில இடங்களில் குழுவின் பலம் கிளாரினெட்டை அழுத்தவும் செய்கிறது. நான்கைந்து பேர் கொண்ட சின்னக் குழுவில் அவரைக் கேட்டவர்களுக்கு அந்த நெருக்கம் இங்கே குறைவாகவே தோன்றும். ஆனாலும் என் கணக்கில் இது துணிந்து செய்த, பெரும்பாலும் கைகூடிய முயற்சி.

இந்தப் பதிவு முடிந்த இரண்டாம் ஆண்டு, 1969 பிப்ரவரியில், ரஸ்ஸல் காலமானார். நெல்சன் 1975-இல், 43 வயதில் மறைந்தார்.

தட்டு கிடைத்தால் 'மெமரீஸ் ஆஃப் யூ' என்ற உருப்படியை இரண்டு முறை கேளுங்கள். முதல் முறை கிளாரினெட்டை மட்டும் தொடருங்கள். இரண்டாம் முறை, கிளாரினெட் பேசும்போது குழு என்ன செய்கிறது என்று கவனியுங்கள்.