எந்தப் பக்கம் காற்று?

நாகர்கோவிலில் முப்பது வருஷமாகப் படங்களுக்குச் சட்டம் போட்டு வருகிறேன். இப்போது புதுவீடு கட்டுகிறவர்கள் கேட்டு வருவது பழைய அமெரிக்கப் பாய்மரக் கப்பல் படம். கூடவே மரத்தில் செய்த நங்கூரம், சுக்கான் சக்கரம், சுருட்டித் தொங்கவிட்ட வடக்கயிறு. கடலைப் பார்த்து வளர்ந்த நமக்கு அந்த ஆசை இயல்புதான். ஆனால் காற்றைப் பார்த்து வாங்குங்கள். படத்தில் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்து வாங்குங்கள்.

இதை எனக்குச் சொல்லித்தந்தவர் முட்டத்துப் பெரியவர் ஒருவர். கட்டுமரத்தில் பாய் விரித்து ஓடியவர். ஒருநாள் கடையில் கிடந்த அச்சுப்படத்தை எடுத்துப் பார்த்தார். பாயெல்லாம் முன்பக்கம் புடைத்து நிற்கிறது. பாய்மர உச்சியில் கொடி பின்பக்கம் பறக்கிறது. "மக்களே, இதுல ரெண்டு காத்துல்லா அடிக்கு" என்றார். அன்றுமுதல் கொடியைப் பார்க்காமல் எந்தக் கப்பல் படத்துக்கும் நான் சட்டம் அறுப்பதில்லை.

காற்று சரியாக உள்ள படம் வேண்டுமா? அமெரிக்க ஓவியர் வின்ஸ்லோ ஹோமர். மறுபடியும் கேட்டாலும் ஹோமர்தான். 1836-ல் பாஸ்டனில் பிறந்தவர். மாசசூசெட்ஸ் கரையில் குளோஸ்டர் என்றொரு மீன்பிடி ஊர். 1873 கோடையில் அங்கே கண்ட காட்சியை 1876 வரை திருத்தித் திருத்தி வரைந்தார். 'பிரீசிங் அப்' என்று பெயர். சின்னப் படகு, ஒற்றைப் பாய், ஒரு பெரியவர், மூன்று பையன்கள். காற்றில் படகு சாய்ந்து ஓடுகிறது; உயர்ந்த பக்கத்தில் பையன்கள் பாரம் கொடுத்து உட்கார்ந்திருக்கிறார்கள். பெரியவர் கையில் பாய்க்கயிறு, தாமான் என்று நம் கடற்கரையில் சொல்வோமே, அது. சுக்கான் ஒரு பையன் கையில். அகச்சிவப்புக் கதிரால் ஆராய்ந்தபோது தெரிந்தது: ஹோமர் முதலில் தாமான், சுக்கான் இரண்டையுமே பெரியவர் கையில் கொடுத்திருந்தார். பாய்மரத்தருகே நான்காவது பையன் ஒருவனும் இருந்தான். அவனை அழித்துவிட்டு, சுக்கானைச் சிறுவனிடம் கொடுத்தார். அந்த மாற்றத்துக்காகவே இந்தப் படத்தை எத்தனை முறை பார்த்தாலும் எனக்குப் போதவில்லை.

1881, 82-ல் இங்கிலாந்தின் கல்லர்கோட்ஸ் கரையில் தங்கி மீனவப் பெண்களை வரைந்தார். கூடை சுமந்து, வலை செப்பனிட்டு, கரையில் காத்து நிற்கும் பெண்கள். கடவத்தில் மீன் சுமந்து வரும் நம் பெண்களின் நிற்பும் நடையும் அந்தப் படங்களில் இருக்கின்றன.

ஒரு சேதி. ஹோமர் 'பிரீசிங் அப்' படத்தை முடித்த அதே 1876-ல், நியூயார்க் பந்தயத்தில் நதானியேல் ஹெரஷாஃப் கட்டிய இரட்டைப் படகு மற்ற படகுகளை முந்தியது. அத்தகைய படகை ஆங்கிலத்தில் 'கேட்டமரான்' என்கிறார்கள். நம் கட்டுமரம் கொடுத்த சொல்.

'பிரீசிங் அப்' படத்தை வாஷிங்டன் தேசியக் கலைக்கூடம் இணையத்தில் இலவசமாகவே தருகிறது. பெரிதாக அச்செடுத்துக்கொள்ளலாம். இரண்டு பருவமழையும் பெய்யும் ஊர் நம்முடையது, அதனால் கண்ணாடி படத்தில் ஒட்டக்கூடாது. நடுவில் மவுண்ட் அட்டை வையுங்கள், இல்லையென்றால் பூஞ்சை பிடிக்கும். இரும்பாணி வேண்டாம், பித்தளைக் கொக்கி. சட்டத்தின் பின்னால் கீழ்மூலைகளில் தக்கைத்துண்டு ஒட்டினால் சுவர் ஈரம் ஏறாது. வெயில் நேராக விழும் சுவரும் வேண்டாம். ஹோமர் 1887-ல் வரைந்த நீர்வண்ணப் படம் ஒன்றில் அந்திவானத்தின் சிவப்பு முழுக்க வெளுத்துவிட்டது.

என் வீட்டு முன்னறையில் அந்தப் படகு மாட்டியிருக்கிறது. முட்டத்துப் பெரியவர் வந்தபோது வெகுநேரம் அதன்முன் நின்றார். கொடியைத் தேடவில்லை, பாயைப் பார்க்கவில்லை. சுக்கான் பிடித்த பையனைத்தான் பார்த்தார். "எனக்க அப்பன் துடுப்பை என் கையில தந்தப்ப எனக்கு ஒம்பது வயசு" என்றார்.