தமுக்கத்திலிருந்து மேலவளவுக்கு



மதுரையில் படித்த பலரையும் போல நானும் பள்ளிச் சீருடையில் வரிசையாக நடந்து காந்தி நினைவு அருங்காட்சியகத்துக்குப் போனவன். ராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனையில், 1959இல் நேரு திறந்துவைத்தது. அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் ரத்தக்கறை படிந்த ஒரு துணி இருக்கிறது. காந்தி சுடப்பட்ட அன்று உடுத்தியிருந்தது. அதன் முன்னால் எங்கள் வகுப்பே வாயடைத்து நின்றது. மதவெறி கொல்லும் என்று எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது அந்தத் துணிதான்.

அதே மாவட்டத்தில், மேலூர் பக்கம் இன்னோர் இடம் இருக்கிறது. அங்கே எங்களை யாரும் கூட்டிப் போகவில்லை.

1996இல் மேலவளவு ஊராட்சித் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. மனு போட்டவர்களை மிரட்டினார்கள். அத்தனையும் தாண்டி முருகேசன் தலைவரானார். 1997 ஜூன் 30 அன்று மதுரை ஆட்சியர் அலுவலகம் போய்விட்டுப் பேருந்தில் ஊர் திரும்பியவரை வெட்டிக் கொன்றார்கள். துணைத் தலைவர் மூக்கனோடு சேர்த்து மொத்தம் 6 பேர். சட்டம் கொடுத்த நாற்காலியில் உட்கார நினைத்ததுதான் குற்றம்.

தேதியைக் கவனியுங்கள். அடுத்த 46ஆம் நாள் இந்த நாடு சுதந்திரப் பொன்விழா கொண்டாடியது.

அரசியலில் சமத்துவம், சமூக வாழ்வில் ஏற்றத்தாழ்வு என்ற முரண்பாட்டுக்குள் நுழையப்போகிறோம் என்று அண்ணல் அம்பேத்கர் 1949 நவம்பர் 25 அன்றே அரசியல் நிர்ணய சபையில் எச்சரித்தார். அந்த முரண்பாடு மேலவளவில் அரிவாள் எடுத்து நின்றது.

அந்த 6 பேரின் நினைவிடத்துக்குப் பெயர் ‘விடுதலைக் களம்’. வெள்ளைக்காரன் போனதோடு விடுதலைப் போர் முடிந்துவிட்டது என்பவர்களுக்கு அந்தப் பெயரே பதில்.

அருங்காட்சியகத்துக்குப் போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. அவசியம் போங்கள். அந்தத் துணியின் முன் நில்லுங்கள். பிறகு வெளியே வந்து மேலூர் பஸ் ஏறுங்கள். இரண்டையும் ஒரே நாளில் பாருங்கள்.

இன்னொன்று. உங்கள் தெருவிலிருந்து ஊர்த்தெருவுக்குள் முதன்முதலாகச் செருப்புப் போட்டு நடந்தவர் யார், டீக்கடையில் தனி டம்ளரை மறுத்தவர் யார் என்று உங்கள் அப்பத்தாவிடம் கேட்டு, பெயரோடு எழுதிவையுங்கள். அந்த டம்ளர் கிடைத்தால் தூக்கி எறியாதீர்கள். அதுவும் ஒரு நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்க வேண்டும். அதன் முன்னாலும் ஒரு வகுப்புப் பிள்ளைகள் வாயடைத்து நிற்க வேண்டும்.

ஜெய் பீம்!