துவைக்கும் யந்திரமும் திருத்தும் கையும்

(சங்கத்தின் வருடாந்த விழாவில் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)



என்னைப் பேச அழைத்த செயலாளர், "ஐயா, இளைஞர்களுக்குப் பிரயோசனமான விஷயமாக இருக்கட்டும்" என்று கேட்டுக்கொண்டார். தத்துவம் பேச என்னிலும் வல்லவர்கள் இம்மேடையில் இருக்கிறார்கள். நான் இருபத்தெட்டு வருஷம் மாணவர்களுக்கு மின்னியல் சொல்லிக்கொடுத்தவன். ஆகையால் உடுப்புத் துவைக்கும் யந்திரத்தையும், உடுப்பு மினுக்கும் மின்னழுத்தியையும் பற்றிப் பேசப் போகிறேன். சிரிக்கிறீர்கள். சிரித்து முடியுங்கள், பின்னர் நான் செய்த பிழையொன்றைச் சொல்கிறேன்.

என் தமக்கையார் கணவரை இழந்தவர். அத்தான் ஓய்வுபெற்ற வருஷம் வாங்கி வைத்த இரட்டைத் தொட்டிச் சலவை யந்திரமொன்று அவர் வீட்டில் பதினான்கு வருஷம் ஓடியது. ஒருநாட் காலை அது "உம்" என்று முனகியது, சுழலவில்லை. "தம்பி, ஒருக்கா வந்து பாருமன்" என்றார். போனேன். சுவிச்சைத் திருப்பினேன், முனகலைக் கேட்டேன். "மோட்டார் போட்டுது அக்கா. இனி இதோடை மினக்கெடாதேங்கோ, புதுசு ஒன்றை எடுங்கோ" என்று சொல்லிவிட்டு வந்தேன். ஒரு திருகாணியைக் கூடக் கழற்றிப் பார்க்கவில்லை. அன்று எனக்கு அலுப்பு. வேறு காரணம் ஒன்றுமில்லை.

படித்த தம்பி சொன்னான் என்று அவர் நம்பினார். இருபத்துநான்கு மாதத் தவணையிற் புதியதொன்று வந்தது. பழையது கோடிப்புறத்து முருங்கை மரத்தடிக்குப் போயிற்று. மூன்று மாதஞ் சென்றபின் பழைய இரும்பு வாங்குபவர் படலையில் வந்து நின்றார். கொடுக்குமுன் மோட்டாரையாவது கழற்றி எடுப்போமென்று பின்தகட்டைத் திறந்தேன். மோட்டார் நல்ல நிலையில் இருந்தது. அதன் பக்கத்திலிருந்த கொள்ளளவி, தீப்பெட்டியளவு பொருள், வீங்கி வெடித்திருந்தது. சில நூறு ரூபாவுக்குப் புதியது வாங்கிப் பூட்டினேன், யந்திரம் சுழன்றது. இதை அக்காவிடம் சொல்வதற்கு எனக்கு நாலு நாட் சென்றது. "சரி, விடு தம்பி" என்றார். அதற்கு மேல் ஒன்றுஞ் சொல்லவில்லை. அவர் ஏசியிருந்தால் எனக்குச் சுகமாயிருந்திருக்கும்.

அந்த முனகலின் காரணத்தை இளைஞர்கள் அறிந்திருக்க வேண்டும். நம் வீடுகளுக்கு வரும் 230 வோல்ற்று மின்சாரம் ஒற்றை அவத்தை மின்சாரம். அது தனியே ஒரு சுருளிற் பாய்ந்தால் உண்டாகும் காந்தப் புலம் முன்னும் பின்னும் ஆடுமேயன்றிச் சுற்றி வராது; நின்ற மோட்டாரை அது கிளப்பாது. ஆகவே இரண்டாவது சுருளொன்றை வைத்து, அதனுள் வரும் ஓட்டத்தைக் கொள்ளளவியினாற் சற்று முன்தள்ளி விடுகிறார்கள். இரண்டுஞ் சேர்ந்தபோதுதான் புலம் சுழலுகிறது. கொள்ளளவி நலிந்தால் மோட்டார் முனகும், சூடேறும், ஆனால் அசையாது. அப்படியே விட்டுவைத்தாற் சுருளுங் கருகிவிடும். அப்போது என் பொய் மெய்யாகியிருக்கும்! முனகியவுடன் சுவிச்சை மூடுங்கள். அவ்வளவே தாய்மார் அறியவேண்டியது.

சலவை யந்திரத்தின் நோய்கள் பெரும்பாலும் இத்தகையனவே. பட்டி தளர்ந்து வழுக்கும். நீர் வெளியேறுங் குழாயிற் சட்டைப் பொத்தானோ சில்லறைக் காசோ சிக்கியிருக்கும். நீர் உட்புகும் வாயிலிலுள்ள சிறு வலையில், தாங்கியிலிருந்து வந்த மணலும் சுண்ணாம்பும் அடைத்திருக்கும். யாழ்ப்பாணத்துக் கிணற்று நீர் சுண்ணக்கல்லில் ஊறிவருவது. கேத்திலின் அடியைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பிழியும் தொட்டியின் மூடியிலுள்ள சுவிச்சு வேலைசெய்யாவிட்டால் யந்திரமே செத்ததுபோலத் தோன்றும். முன்பக்கம் கதவுள்ள யந்திரங்கள் பலவற்றின் மோட்டாரிலே கரித் தூரிகைகள் இரண்டு உண்டு. அவை பென்சில் போலத் தேயவேண்டியவை, தேய்ந்தால் மாற்றவேண்டியவை. பென்சில் தேய்ந்ததென்று மேசையை வெளியே எறிவாருண்டோ?

மின்னழுத்திக்கு வருவோம். 1882 ஆம் ஆண்டிலே நியூயோர்க் நகரத்தவரான ஹென்றி சீலி என்பவர் மின்னழுத்திக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். 1906 இல் அல்பேட் மார்ஷ் என்பவர் நிக்கலையும் குரோமியத்தையுஞ் சேர்த்த கம்பிக்கு உரிமை பெற்றபின்னரே, சிவக்கச் சூடேறியும் நெடுநாள் எரிந்துபோகாத சுருள் கிடைத்தது. நம் தாய்மாரின் பழைய அழுத்திகளில் அந்தக் கம்பியை மைக்காத் தகட்டிற் சுற்றி, இரும்படிக்கும் மேல்தட்டுக்கும் நடுவே வைத்திருப்பார்கள். கருகினால் இரண்டு மரைகளைக் கழற்றி வேறொன்று வைக்கலாம். இப்போது வரும் பலவற்றில் சுருளை அலுமினியத்துக்குள்ளேயே வார்த்துவிடுகிறார்கள். திருகாணிகளையும் ஒளித்துவைக்கிறார்கள், கண்டுபிடித்தாலும் அதன் தலைக்குரிய கருவி நம்மிடம் இராது. இது யாரைக் கருதிச் செய்யப்பட்டதென்பதை நீங்களே யோசியுங்கள்.

ஆயினும் எரிந்துபோவது எப்போதுஞ் சுருளன்று. நான் திறந்து பார்த்த அழுத்திகளில் அதிகமானவற்றிற் குற்றம் வயரிலேயே இருந்தது. வயர் கைபிடிக்குள் நுழையும் இடத்தில் நாளாந்தம் முறுகி, உள்ளே செம்பிழை அறுந்திருக்கும். ஆயிரம் உவாற்று அழுத்தியின் தடை ஏறக்குறைய 53 ஓம். மின்சாரந் தொடாமல், செருகியின் இரு ஊசிகளிலும் மானியை வைத்துப் பார்த்து 53 வந்தால் வயருஞ் சுருளும் நலம். ஒன்றும் வராவிட்டால் வயரை அசைத்துப் பாருங்கள். முள் துள்ளினால் குற்றம் எங்கேயென்று தெரிந்துவிட்டது.

இனி, "திருத்துகூலி புதியதன் விலைக்குக் கிட்ட வருகிறதே" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. சில வேளை அப்படித்தான். அழுத்தி விஷயத்தில் அடிக்கடி அப்படித்தான். "புதியது மின்சாரத்தை மிச்சம்பிடிக்கும்" என்பார் இன்னொருவர். வெந்நீரிலே துவைக்கும் குளிர்நாடுகளில் அது பெரிதும் உண்மை. அங்கே மின்சாரத்தின் பெரும்பங்கு நீரைச் சுடவைப்பதற்கே போகிறது. கிணற்றுத் தண்ணீரிலே துவைக்கும் நமக்கு அந்த மிச்சம் சொற்பம்.

அந்தக் குளிர்நாடுகளே இப்போது திரும்பிப் பார்க்கின்றன. 2009 இல் மார்ட்டீன் பொஸ்ட்மா என்னும் பெண்மணி ஆம்ஸ்டர்டாம் நகரத்தில், அயலார் கூடியிருந்து பழுது திருத்தும் கூடமொன்றை ஆரம்பித்தார். அது பல நாடுகளுக்கும் பரவியது. 2021 மார்ச் முதல் ஐரோப்பிய ஒன்றியம், ஒரு சலவை யந்திர வகையின் கடைசி யந்திரம் சந்தைக்கு வந்தபின்னும் பத்து வருஷம் அதன் முக்கிய உதிரிப்பாகங்கள் கிடைக்கவேண்டுமென்று விதித்தது. 2022 இல் உலகம் கழித்துவிட்ட மின்சாதனங்களின் நிறை 62 மில்லியன் தொன் என்றும், அதிற் கால்வாசிக்குங் குறைவானதே முறையாகச் சேர்க்கப்பட்டதென்றும் கணக்குச் சொல்லுகிறது. மிகுதி எங்கே போயிற்று? நம் ஊர் ஒழுங்கைக் கரைகளிலும் அதிலொரு துளி கிடக்கிறது.

ஆனால் இதைக் கற்க நாம் ஆம்ஸ்டர்டாமுக்குப் போகவேண்டுமா? பெரியோர்கள் தலையசைக்கிறீர்கள். 1990 இன் நடுப்பகுதியில் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. சைக்கிளைத் தலைகீழாய் நிறுத்தி மிதிகட்டையைச் சுற்றி டைனமோவில் வானொலி கேட்டோம். மோட்டார் சைக்கிள் மண்ணெண்ணெயில் ஓடிற்று. பரணிற் கிடந்த கரியழுத்திகள் இறங்கி வந்தன. சிரட்டைக்கரி மூட்டி, பள்ளிக்கூடச் சட்டைகளை மினுக்கினோம். 2022 இல் அந்நியச் செலாவணி வற்றி, பல பொருட்களின் இறக்குமதி தடைப்பட்டபோதும் உதிரிப்பாகக் கடையையும் திருத்துபவரையுமே நாடு தேடியது. அந்தக் கைகளுக்குரியவர்கள் இப்போது வயோதிபராகிவிட்டார்கள். அவர்களிடம் கேட்டறிய இன்னும் எத்தனை வருஷம் நமக்கு உண்டு?

இங்கே இளைஞர்களிடம் மனம்விட்டு ஒன்று சொல்லவேண்டும். மகன் கணினிமுன் இருந்தாற் பெருமை, கையில் எண்ணெய் பூசியிருந்தாற் குறை என்று எண்ணும் வழக்கம் நம்மிடம் உண்டு. பிறர் அழுக்கைத் துவைத்துக் கொடுத்தவர்களை இவ்வூர் எந்தத் திண்ணைக்கு வெளியே நிறுத்திற்றென்பதும் பெரியோர்க்குத் தெரியும். அந்த எண்ணமும் இந்த எண்ணமும் ஒரே கிணற்றுத் தண்ணீர்.

எல்லாவற்றையுந் திருத்தலாமென்று நான் சொல்லவரவில்லை. தொட்டியின் அச்சுத் தாங்கி தேய்ந்து, தொட்டியும் பிரிக்கமுடியாதபடி ஒட்டி வார்க்கப்பட்டிருந்தால் அதை விட்டுவிடுங்கள். மிகப் பழைய அழுத்திகளிலும் அவற்றின் வயர் உறைகளிலும் அஸ்பெஸ்டஸ் இருப்பதுண்டு. வெள்ளை நார் உதிர்ந்தால் துடைக்கவும் ஊதவும் வேண்டாம், அப்படியே பையிற் கட்டி ஒதுக்கிவையுங்கள். செருகியைக் கழற்றாமல் எந்த மூடியையுந் திறவாதீர்கள். கழற்றியபின்னும் கொள்ளளவியில் மின்னேற்றம் நிற்கும். அதைத் தடையொன்றினூடாக இறக்கிய பின்னரே கைவைக்க வேண்டும். ஈரத் தரையில் நிற்கும் யந்திரத்துக்குப் புவித்தொடுப்பும், 30 மில்லி அம்பியரில் விழும் ட்ரிப் சுவிச்சும் இல்லாவிட்டால், முதலில் அதைச் செய்வியுங்கள், யந்திரம் காத்திருக்கும். இதிற் பிழைவிட்டால் "சரி, விடு தம்பி" என்று சொல்ல ஆளிராது.

நிர்வாக சபையார் என் வேண்டுகோளை ஏற்று, வாசிகசாலையின் பின்விறாந்தையில் மேசையொன்று தந்திருக்கிறார்கள். என்னிடமுள்ள மானிகள் இரண்டும், ஆயுதப் பெட்டியும் அங்கே இருக்கும். என் பழைய மாணவர்கள் மூவர் வருவதாக வாக்களித்திருக்கிறார்கள். அடுத்த மாதம் முதல் ஞாயிறு, காலை ஒன்பது மணி. கூலி இல்லை, உதிரிப்பாகத்தின் விலை மட்டும் உரியவருடையது. அழுத்தி கொண்டுவருபவர்கள் வயரை இறுக்கிச் சுற்றாமல் தளர்வாக மடித்துக் கொண்டுவாருங்கள். சலவை யந்திரத்தைத் தூக்கிவர வேண்டாம். விலாசத்தைக் கொப்பியில் எழுதிவிட்டுப் போனால் இரண்டு இளைஞரும் நானும் வீட்டுக்கு வருவோம். கொப்பியின் முதலாம் பக்கத்தில் அக்காவின் பெயர் ஏற்கெனவே இருக்கிறது. அவருடைய புதிய யந்திரம் நேற்றிலிருந்து தண்ணீர் எடுக்கவில்லையாம்.