நீரிழிவும் இல்லற இன்பமும்

பெங்களூரில் அல்சூர் ஏரியின் அருகே திருவள்ளுவர் சிலை ஒன்று நிற்பதை நேயர்களில் பலர் அறிவீர்கள். 1991-இல் அங்கே நிறுவப்பெற்ற அச்சிலை ஏறத்தாழ 18 ஆண்டுகள் மூடப்பட்டே இருந்தது. 2009 ஆகஸ்டு 9-ஆம் நாள்தான் திறக்கப்பெற்றது. அறத்தையும் பொருளையும் போலவே இன்பத்தையும் ஒரு பாலாக வைத்துப் பாடியவர் வள்ளுவர். நம் இல்லங்களிலோ அம்மூன்றாம் பாலைப் பற்றிய பேச்சு இன்னும் திரை நீங்காமலே கிடக்கிறது. அத்திரையைச் சிறிது விலக்கி, நீரிழிவு ஆடவரின் இல்லற வாழ்வை எவ்வாறு தாக்குகிறது என்பதை இன்று எடுத்துரைக்க விரும்புகிறேன்.

2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் ஆய்வு, நம் நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோர் நீரிழிவுடன் வாழ்வதாகக் கணக்கிட்டது. இந்நோயால் கண் கெடும், சிறுநீரகம் பழுதாகும், காற்புண் ஆறாது என்பன பலரும் அறிந்தவை. ஆண்மைத் தளர்ச்சியும் இதன் விளைவே என்பதைச் சொல்வார் சிலரே. இது புதிய செய்தியன்று. பாரசீக மருத்துவ அறிஞர் இப்னு சீனா ஏறத்தாழ 1,000 ஆண்டுகளுக்கு முன்பே இதனைக் குறித்துள்ளார். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் நடைபெற்று 1994-இல் வெளியான ஆய்வு, நீரிழிவுள்ள ஆடவரிடம் முழுமையான விறைப்பின்மை ஏறத்தாழ மூன்று மடங்கு மிகுந்திருப்பதைக் காட்டியது.

காரணம் என்ன? மனத்தில் எழும் விருப்பம் நரம்பு வழியே இறங்குகிறது. நரம்பு முனைகளிலும் இரத்தக் குழாய்களின் உட்சுவரிலும் நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயு சிறிதளவு உண்டாகிறது. அது குழாய்களைத் தளர்த்த, இரத்தம் பெருகிப் பாய்ந்து உறுப்பு விறைக்கிறது. நெடுநாள் மிகுந்திருக்கும் சர்க்கரை நரம்பையும் கெடுக்கிறது, உட்சுவரையும் கெடுக்கிறது. மடை திறப்பவனும் தளர்ந்து, வாய்க்காலும் தூர்ந்துபோனால் வயலுக்கு நீர் வருவது எங்ஙனம்? சிலருக்கு டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண்மைச் சுரப்புக் குறைந்து விருப்பமே மங்குகிறது. வேறு சிலருக்கு விந்து வெளிவராமல் சிறுநீர்ப்பைக்குள் பின்னோக்கிச் செல்கிறது; மகப்பேறு வேண்டுவோர் இதனை மருத்துவரிடம் தவறாது கூற வேண்டும்.

ஊன்றிக் கவனிக்க வேண்டிய செய்தி மற்றொன்று உண்டு. அவ்வுறுப்பின் இரத்தக் குழாய்கள் 1 முதல் 2 மில்லிமீட்டர் அகலமே உடையவை; இதயத்தின் குழாய்களோ 3 முதல் 4 மில்லிமீட்டர். ஆதலால் பழுது முதலில் சிறிய குழாயிலே தெரிகிறது. இதய நோய் வெளிப்படுவதற்குச் சில ஆண்டுகள் முன்னரே இத்தளர்ச்சி தோன்றுவதை மருத்துவர்கள் பலரிடம் கண்டிருக்கிறார்கள். நாம் வெட்கி மறைக்கும் இக்குறை, இதயம் முன்கூட்டி அனுப்பும் ஓலையாகவும் இருக்கலாம். வந்த ஓலையைப் பிரிக்காமலே பெட்டியில் வைத்துப் பூட்டலாமா?

பிற மாநிலங்களில் வாழும் நமக்கு இதில் கூடுதல் இடர் ஒன்று இருக்கிறது. அல்சூர் போன்று தலைமுறை தலைமுறையாகத் தமிழர் வாழும் பகுதிகளில் தமிழறிந்த மருத்துவரைத் தேடிக் கொள்ளலாம். புனேயிலோ சூரத்திலோ புதிதாய்க் குடியேறியவர் என்ன செய்வார்? மொழி பெயர்த்துச் சொல்லப் பள்ளியில் படிக்கும் மகனை அழைத்துச் செல்கிறார். மகனை நடுவில் வைத்துக்கொண்டு எந்தத் தந்தை இதனைச் சொல்வார்? கால் எரிகிறது என்பார். மீதியை விழுங்கிக்கொண்டு வீடு திரும்புவார். வீட்டில் மனைவியிடமும் சொல்லாமல் ஒதுங்கிப் படுப்பார். தம்மீது வெறுப்போ, வேறு நாட்டமோ என்று அந்த அம்மாள் உள்ளுக்குள் வெந்து போவார். ஒரு நோயின் பழி ஒரு குடும்பத்தின் மீது விழுந்துவிடுகிறது.

இதற்கு வழி எளிது. "எனக்கு நீரிழிவு உண்டு, இத்தனை மாதங்களாக விறைப்பு இல்லை" என்னும் ஒரு வரியை, மருத்துவர் அறிந்த மொழியில் தாளில் எழுதி நீட்டுங்கள். மகனைச் சற்று வெளியே இருக்கச் சொல்லுங்கள். மருத்துவருக்கு இது அன்றாடம் கேட்கும் செய்தி.

அவ்வாறு செய்யாதவர் போய்ச் சேருமிடம் சுவர் விளம்பரமும் பெயரில்லா லேகியமும்தான். 2008-இல் சிங்கப்பூரில் ஆண்மை மாத்திரைகள் என்று கள்ளத்தனமாக விற்கப்பட்டவற்றில், சர்க்கரையைக் குறைக்கும் கிளிபென்கிளமைடு மருந்து கலந்திருந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் இரத்தச் சர்க்கரை அபாயமாகத் தாழ்ந்து மருத்துவமனை சேர்ந்தனர், நால்வர் மாண்டனர்.

முறையான சிகிச்சையோ இருக்கிறது. 1998 முதல் வழக்கிலுள்ள சில்டெனாஃபில் போன்ற மாத்திரைகள் பலருக்குப் பயன்படுகின்றன. ஆனால் மார்புவலிக்கு நைட்ரேட் மருந்து உட்கொள்வோர் இவற்றைத் தொடவே கூடாது. இரத்த அழுத்தம் உயிருக்கே கேடாக வீழ்ந்துவிடும். ஆதலால் மருத்துவர் சொல்லாமல் கடையில் வாங்கி உண்ண வேண்டாம். மாத்திரை பயன்படாதோர்க்கு ஊசியும் வெற்றிடக் கருவியும் உண்டு. இரத்த அழுத்தத்திற்குத் தரும் சில மருந்துகளும் தளர்ச்சியைக் கூட்டலாம். அவற்றைத் தாமாக நிறுத்திவிடாமல், மாற்றித் தர இயலுமா என்று கேட்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் அடிப்படை, சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தலும், புகைத்தலை விடுதலும், எடையைக் குறைத்தலுமே. இத்தாலியில் 2004-இல் வெளியான ஆய்வொன்றில், விறைப்புக் குறைந்த, நீரிழிவு இல்லாத பருமனான ஆடவர்கள் இரண்டாண்டு உணவையும் உடற்பயிற்சியையும் ஒழுங்குபடுத்திக் கொண்டனர். அவர்களுள் ஏறத்தாழ மூவரில் ஒருவர் இயல்பு நிலைக்குத் திரும்பினர். நோய் வருமுன் காப்போர்க்கு இது நல்ல ஊக்கமல்லவா?

நேயர்களே, நீங்கள் வாழும் ஊரிலும் ஓர் ஏரிக்கரையோ பூங்காவோ இருக்கும். நாளைக் காலையில் மனைவியாரையும் அழைத்துக்கொண்டு அங்கே அரைமணி நேரம் நடந்து வாருங்கள். முகம் பார்த்துச் சொல்ல நாணும் செய்தியைப் பக்கத்தில் நடந்தபடியே சொல்லிவிடலாம். பிறகு இருவருமாக மருத்துவரிடம் செல்லுங்கள். சிலையின் திரை நீங்க 18 ஆண்டுகள் ஆயின. இந்தத் திரை நீங்க ஒரு நாள் போதும்.