டிஸ்பொசிஷன்: குணமா, கிடப்பா?



அமெரிக்க மருத்துவமனைகளின் அவசர சிகிச்சைப் பிரிவுக் குறிப்புகளில் 'டிஸ்பொசிஷன்' என்று ஓர் இடம் இருக்கும். அந்தச் சொல்லுக்கு 'சுபாவம்' என்று மனப்பாடம் செய்தவர்கள் நாம். நோயாளி சாதுவா, சிடுமூஞ்சியா என்று டாக்டர் எழுதியிருப்பார் போலிருக்கிறது என்று தோன்றும். அங்கே இருப்பதோ வேறு: வீட்டுக்கு அனுப்பினோம், வார்டில் சேர்த்தோம், வேறு மருத்துவமனைக்கு மாற்றினோம். வந்தவர் கடைசியில் எங்கே போனார் என்பதுதான் விஷயம்.

லத்தீன் மொழியில் இந்தச் சொல்லின் வேர் எளிமையானது: பிரித்து வைப்பது, அதனதன் இடத்தில் வைப்பது. பேச்சுக் கலையை ஐந்து பகுதிகளாகப் பிரித்த ரோமானியர்கள், சொல்ல வேண்டியதைத் தேடிப் பிடிப்பதை முதலில் வைத்தார்கள். தேடியதை வரிசைப்படுத்துவது இரண்டாவது. அதற்குப் பெயர் 'டிஸ்பொசிஷியோ'. படைகள் எங்கெங்கே நிறுத்தப்பட்டிருக்கின்றன என்பதையும் ஆங்கிலத்தில் இந்தச் சொல்லால்தான் சொல்கிறார்கள்.

அப்படியானால் குணம் என்ற பொருள் எங்கிருந்து வந்தது? ஜோதிடத்திலிருந்து வந்திருக்கலாம் என்கிறார்கள் சொற்பிறப்பு ஆராய்பவர்கள். கிரகம் நிற்கும் இடம் மனிதனின் இயல்பைத் தீர்மானிக்கும் என்ற நம்பிக்கை ஐரோப்பாவிலும் இருந்தது. நிலையைக் குறித்த சொல், அந்த நிலையால் விளைந்த குணத்தையும் குறிக்கத் தொடங்கியது. 'அவன் ஜாதகம் அப்படி' என்று பேசிப் பழகிய நமக்கு இதை விளக்கவே வேண்டாம்.

விடுப்புக் கடிதத்தில் 'இன்டிஸ்போஸ்ட்' என்று எழுதுகிறோமே, அதுவும் இந்தக் குடும்பம்தான். 'டிஸ்போசபிள்' சிரிஞ்சைப் பார்த்துப் பார்த்து 'டிஸ்போஸ்' என்றால் தூக்கி எறிவது மட்டுமே என்று நினைக்கிறோம். 'மனிதன் ஒன்று நினைக்க தெய்வம் ஒன்று நினைக்கும்' என்பதற்கு ஈடான ஆங்கிலப் பழமொழியிலும் அந்த வினைச்சொல் வருகிறது. அங்கே கடவுள் எதையும் எறியவில்லை, முடிவுசெய்து ஒழுங்குபடுத்துகிறார்.

குணம் என்ற பொருளிலும் ஒரு நுணுக்கம் உண்டு. 1950களில் பிபிசி தொலைக்காட்சி, திகில் நாடகத்துக்கு முன்னால், பயந்த சுபாவம் உள்ளவர்களுக்கு இது ஏற்றதல்ல என்று அறிவிக்கும். அந்தச் சுபாவத்துக்கு இந்தச் சொல்தான். அறிவிப்பைக் கேட்கும் நேரத்தில் அந்தச் சுபாவக்காரர் பயந்துகொண்டிருக்க வேண்டியதில்லை. பயப்படக்கூடியவர், அவ்வளவுதான். கில்பர்ட் ரைல் என்ற தத்துவ அறிஞர் 1949இல் வெளிவந்த தம் நூலில் கண்ணாடியை வைத்து இதை விளக்கினார். உடையும் தன்மை உடைந்த பிறகு வருவதில்லை. அலமாரியில் பத்திரமாக இருக்கும்போதும் கண்ணாடி உடையக்கூடியதுதான். கோபக்காரர் தூங்கும்போதும் கோபக்காரர்தான் என்று நம் வீட்டுப் பெண்கள் தத்துவம் படிக்காமலே சொல்வார்கள்!

இந்தச் சொல் நமக்கு உண்மையில் தொல்லை தருவது சட்டத்தில். நம் நீதிமன்றங்களில் 'கேஸ் டிஸ்போஸ் ஆயிடுச்சு' என்றால் வழக்கு முடிந்தது. ஜெயித்ததா தோற்றதா என்பதைத் தீர்ப்பைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். சொத்து விஷயத்தில் 'டிஸ்பொசிஷன்' என்றால் விற்பது, தானமாகக் கொடுப்பது, உயில் எழுதி வைப்பது என எல்லாமே அடங்கும். குணம் என்று மட்டும் படித்தவருக்கு அந்த வரி புரியாது. புரிந்ததாக நினைத்துவிட்டால் அது இன்னும் ஆபத்து.

எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். சொல்லை விட்டுவிட்டு அதன் பக்கத்தில் நிற்பதைப் பாருங்கள். இனிய, முரட்டு என்று முன்னால் அடைமொழி வந்தால் அது குணம். சொத்து, படை, வழக்கு என்று வந்தால் ஏற்பாடு அல்லது முடிவு. பின்னால் ஒரு வினை வந்தால், அதைச் செய்யும் நாட்டம்.

ஆங்கிலப் பத்திரம் ஒன்றில் இந்தச் சொல் கண்ணில் பட்டால், கையெழுத்துப் போடும் முன் அந்த வரியை மட்டுமாவது தமிழில் சொல்லும்படி வக்கீலிடம் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.