புள்ளி வண்டு எல்லாம் ஒரே வண்டு இல்லை



நான் பத்தாவது வரை படித்தவள். இன்றைக்கு ஒரு துவரம்பருப்பு அளவே இருக்கிற வண்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். சின்ன விஷயம்தான், ஆனா நம்ம கடன் பணம் அதுல இருக்குது.

எங்க தெருவில் ஒரு அக்கா குழுக் கடன் வாங்கி காராமணி போட்டாங்க. செடியில புள்ளி புள்ளியா வண்டு இருக்குதுன்னு மருந்து அடிச்சாங்க. வண்டு செத்தது. கொஞ்ச நாளில் கொடி முழுக்க அசுவினி கறுப்பா அப்பிக்கிச்சு. செத்தது, அந்த அசுவினியைத் தின்ன வந்த பொறிவண்டு. மருந்துக் காசும் போச்சு, காயும் போச்சு.

நம்ம உத்திரமேரூரில் 1,100 வருஷத்துக்கு முன்னாடியே, குடவோலையில் ஒருத்தர் பேரைப் போடுறதுக்கு முன்னே அவர் தகுதியை விசாரித்தார்கள் என்று கல்வெட்டு சொல்லுது. ஒரு வண்டைக் கொல்லுறதுக்கு முன்னே நாமும் விசாரிக்கலாம் இல்லையா?

பொறிவண்டுக் குடும்பத்தில் பெரும்பாலானவை பூச்சியைத் தின்பவை. எபிலாக்னா என்கிற வண்டு மட்டும் கத்தரி, பாகல் இலையைத் தின்னும். புள்ளியை மட்டும் எண்ணி முடிவு பண்ணாதீங்க. எபிலாக்னாவிலேயே 12 புள்ளியும் உண்டு, 28 புள்ளியும் உண்டு. நல்ல வண்டிலோ ஆறு புள்ளி, வளைந்த கோடு, புள்ளியே இல்லாத ஆரஞ்சு நிறம் என்று பல தினுசு.

அதனால் மூன்று விஷயம் பாருங்க.

ஒன்று, முதுகு. பெரும்பாலான நல்ல வண்டுகளின் முதுகு எண்ணெய் தேய்த்த மாதிரி பளபளக்கும். எபிலாக்னா முதுகில் மெல்லிய பூனைமயிர் இருக்கும், அதனால் மங்கலாத் தெரியும். செல்போன் கேமராவில் பெரிசாக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இரண்டு, புழு. எபிலாக்னா புழு மஞ்சளாக, உடம்பெல்லாம் முள்ளோடு, இலையிலேயே மந்தமா கிடக்கும். நல்ல வண்டின் புழு கருஞ்சாம்பல் நிறத்தில், குட்டி முதலை மாதிரி, சுறுசுறுப்பா ஓடும்.

மூன்று, இலை. பச்சையத்தைச் சுரண்டி நரம்பு மட்டும் சல்லடை மாதிரி நின்றால் எபிலாக்னா வேலை. இலை முழுசா இருந்து, பக்கத்தில் அசுவினி இருந்தால் வந்திருப்பது நண்பன். கத்தரியிலும் அசுவினி வரும், அதனால் கத்தரியில் இருப்பதெல்லாம் எதிரி இல்லை.

முட்டை இரண்டுக்குமே மஞ்சளாக, கும்பலா நிற்கும். அதைப் பார்த்து மட்டும் அவசரப்படாதீங்க, சுற்றி என்ன இருக்குதுன்னு பாருங்க.

கொய்யா, செம்பருத்தியில் இன்னொரு ஏமாற்று இருக்குது. மாவுப்பூச்சி மாதிரியே வெள்ளை மாவு பூசிக்கிட்டு ஒரு புழு இருக்கும். குச்சியால் தொடுங்க. மாவுப்பூச்சி அசையாது, இல்லாட்டி மெதுவா நகரும். இது விறுவிறுன்னு ஓடும். அதுவும் பொறிவண்டுப் புழுதான், மாவுப்பூச்சியைத் தின்பது. வளர்ந்த வண்டு கறுப்பு, தலைப்பக்கம் ஆரஞ்சு. 1898-லேயே ஆஸ்திரேலியாவிலிருந்து நம்ம நாட்டுக்குக் கொண்டுவந்தது. காசு கொடுத்து வாங்கி விடுகிற வண்டை நாமே கொல்லலாமா?

எபிலாக்னாதான் என்று உறுதியானால், காலையில் முட்டை, புழு இருக்கிற இலையைக் கிள்ளி சோப்புத் தண்ணியில் போடுங்க. வண்டையும் தட்டி அதிலேயே விழ வையுங்க. அதற்கும் அடங்காவிட்டால், அரை கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, துணியில் கட்டி ராத்திரி ஊறவைத்து, பிழிந்து வடிகட்டி, 10 லிட்டர் தண்ணியாக்கி, கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்து சாயங்காலம் தெளியுங்க.

வாரக் கூட்டத்துக்கு வரும்போது ஆளுக்கு ஒரு வண்டை டப்பாவில் போட்டு எடுத்து வாங்க. பத்துப் பேர் சேர்ந்து பார்த்தால் யாருக்கும் மறக்காது. மருந்துக்குப் போகிற காசு சேமிப்புப் புத்தகத்தில் ஏறட்டும்.