மைக் நின்றால் குரல் நிற்கும்! சங்கத்து ஜெனரேட்டரைச் சரியாகப் பழக்குவோம்

(சென்னை ஆர்ப்பாட்டத்திற்கான தயாரிப்புக் கூட்டத்தில் சங்கச் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கோரிக்கைகளைப் பற்றித் தலைவர் விரிவாகப் பேசிவிட்டார். நான் பேசப்போவது ஒரு மிஷினைப் பற்றி. "இதுக்கு ஒரு பேச்சா?" என்று கேட்காதீங்க. காரணம் சொல்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு வள்ளுவர் கோட்டத்தில் நம் ஆர்ப்பாட்டம். ராத்திரி முழுக்க வேனில் உட்கார்ந்து போய், தி.நகரில் பல் துலக்கி, டீ குடித்துவிட்டுப் போய் நின்றோம். போலீஸ் கொடுத்த நேரம் கொஞ்சம்தான். நம் ஊர் அக்கா ஒருவர், பயிர்க் காப்பீட்டுப் பணம் வராத கதையைச் சொல்ல முதல்முறையாக மைக்கைப் பிடித்தார். இரண்டு வரி பேசியிருப்பார். ஜெனரேட்டர் நின்றுவிட்டது. பெட்ரோல் இருக்கு, பிளக் மாத்தியாச்சு, ஆளுக்கு ஆள் கயிறு இழுத்துக் கை வலித்ததுதான் மிச்சம். கடைசியில் மயிலாப்பூரிலிருந்து மைக் செட் கொண்டுவந்த தம்பி வந்து பார்த்தார். ஆயில் குச்சியை எடுத்தால் காய்ந்து கிடக்கு. போதாக்குறைக்கு, நடைபாதை விளிம்பில் சாய்த்து வைத்திருந்தோம். ஆயில் குறைந்தால் என்ஜின் கெடாமல் இருக்க தானே நின்றுவிடும் ஏற்பாடு அதிலே இருக்கு. சாய்ந்து இருந்தாலும் நிற்கும். சமதளத்தில் வைத்து ஆயில் ஊற்றினார், ஒரே இழுப்பில் ஓடியது. ஆனால் அதற்குள் நேரம் முடிந்துவிட்டது. அக்கா பேசாமலே ஊர் திரும்பினார்.

அது மிஷின் குற்றம் இல்லை. நம் குற்றம். இப்போது உங்கள் சந்தாப் பணத்தில் புது ஜெனரேட்டர் வாங்கியிருக்கிறோம். அதே தப்பு மறுபடி நடக்கக் கூடாது.

புது மிஷினைப் பழக்குவது

புது மாட்டை வாங்கின அன்றைக்கே சேற்றில் பூட்டி நாள் முழுக்க ஓட்டுவோமா? மிஷினும் அப்படித்தான். உள்ளே பிஸ்டனும் ரிங்கும் சிலிண்டரோடு உராய்ந்து ஒன்றுக்கொன்று படிய வேண்டும். அதைத்தான் மெக்கானிக் 'ரன்னிங் இன்' என்கிறார்.

முதல் விஷயம்: பெட்டியில் வரும்போது பெரும்பாலும் ஆயில் இருக்காது. கையேட்டில் சொன்ன 4 ஸ்ட்ரோக் ஆயிலை, சமதளத்தில் வைத்து, குச்சியில் மேல் கோடு வரை ஊற்றுங்கள். அதற்கு முன் கயிற்றைத் தொடக் கூடாது.

இரண்டாவது: கிளப்பியதும் லோடு கொடுக்காதீர்கள். 3 முதல் 5 நிமிடம் சும்மா ஓடட்டும். முதல் சில மணி நேரங்களுக்குப் பாதி லோடுக்கு மேல் போகாதீர்கள். ஒரே மாதிரியும் ஓட்டாதீர்கள். இரண்டு பல்பு, பிறகு ஒரு ஃபேன், பிறகு ஆம்ப்ளிபயர் என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள்.

மூன்றாவது: முதல் மாதத்திலோ அல்லது முதல் 20 மணி நேரத்திலோ, எது முந்துகிறதோ, ஆயிலை மாற்றிவிடுங்கள். படியும்போது உதிர்ந்த இரும்புத் தூள் எல்லாம் அந்த ஆயிலில்தான் இருக்கும். "புது ஆயில்தானே" என்று விட்டால் அதுவே உள்ளே அரம் போட்டு ராவும். பிறகு 100 மணி நேரத்துக்கு அல்லது 6 மாதத்துக்கு ஒருமுறை போதும்.

சென்னைக்குப் போவதற்குள் இந்த 20 மணி நேரத்தை ஊரிலேயே முடிக்க வேண்டும். தெருமுனைக் கூட்டங்களில் ஓட்டுங்கள். பழக்காத மிஷினோடு தலைநகரத்துக்குப் போக வேண்டாம்.

பராமரிப்பு

ஏர் ஃபில்டரை 50 மணி நேரத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்யுங்கள். களத்துமேட்டுத் தூசியில் ஓட்டினால் அதற்கும் முன்பே. பிளக்கைக் கழற்றிக் கரி நீக்குங்கள். நிறுத்தும்போது முதலில் லோடை எடுத்துவிட்டு, இரண்டு நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள்.

மாதக்கணக்கில் சும்மா வைப்பதாக இருந்தால் டேங்கிலும் கார்புரேட்டரிலும் பெட்ரோல் நிற்கக் கூடாது. நின்றால் பிசின் மாதிரி இறுகி அடைத்துக்கொள்ளும். இப்போது பெட்ரோலில் எத்தனால் கலப்பு வேறு 20 சதவீதம் ஆகிவிட்டது. எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் குழாய்களைக் கெடுக்கும். குழாயையும் பார்த்துக்கொள்ளுங்கள். மாதம் ஒருமுறை அரை மணி நேரமாவது லோடோடு ஓட்டுங்கள்.

உயிர் போகும் இடங்கள்

இதை மட்டும் கவனமாகக் கேளுங்கள். ஜெனரேட்டர் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கு. அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தூங்குகிறவன் எழுந்திருக்கவே மாட்டான். மோட்டார் கொட்டகைக்குள், வீட்டுத் திண்ணையில், சென்னையில் தங்கும் மண்டபத்து ஜன்னலுக்குக் கீழே, எங்கேயும் ஓட்டக் கூடாது. குறைந்தது 20 அடி தள்ளி, வெட்டவெளியில் வையுங்கள். சூடாக இருக்கும்போது பெட்ரோல் ஊற்றாதீர்கள்.

வீட்டு வயரிங்கில் நேராகச் சொருகவும் கூடாது. நாம் கொடுக்கும் 230 வோல்ட், டிரான்ஸ்ஃபார்மர் வழியாகத் திரும்பிப் போனால் 11,000 வோல்ட் ஆகும். கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேன் செத்துப்போவார். அவரும் நம்மைப் போல உழைப்பாளிதான். சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் வீட்டுக்குக் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று. இந்தச் சின்ன மிஷினில் உங்கள் 5 எச்.பி. மோட்டாரை ஓட்ட நினைக்காதீர்கள். கிளம்பும்போது மோட்டார் பல மடங்கு கரண்ட் இழுக்கும், ஜெனரேட்டர் தாங்காது.

வெள்ளம் சொல்லிக்கொடுத்த பாடம்

2015 டிசம்பர் முதல் வாரம் அடையாறு பொங்கியபோது கோட்டூர்புரம், சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டை எல்லாம் தண்ணீரில் நின்றன, கரண்ட் இல்லை. மணப்பாக்கத்தில் ஒரு பெரிய மருத்துவமனையின் ஜெனரேட்டரே வெள்ளத்தில் மூழ்கியது. பெரிய மிஷின் இருந்து என்ன? தாழ்வான இடத்தில் இருந்தால் ஆபத்து நாளில் அதுதான் முதலில் போகும். நம் மிஷினை மேடான இடத்தில் வைப்போம். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வந்த பிறகு, மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றவும் செல்போன் சார்ஜ் போடவும் ஊர் ஊராக வாடகை ஜெனரேட்டரைத் தேடி அலைந்ததை டெல்டாக்காரர்கள் மறக்க மாட்டோம்.

அதற்காக, ஜெனரேட்டர் இருந்தால் போதும் என்று யாரும் நினைக்க வேண்டாம். கணக்குப் போடுங்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் நூறு ரூபாய் அளவில் இருக்கு. இந்த மாதிரிச் சின்ன மிஷினில் அதில் ஒன்றரை யூனிட் எடுத்தாலே பெரிது. ஒரு யூனிட் அறுபது ரூபாய்க்கு மேல்! எந்த விவசாயிக்குக் கட்டுப்படியாகும்? 2012-ல் சென்னைக்கு 2 மணி நேரம், மற்ற மாவட்டங்களுக்கு 4 மணி நேரம் மின்வெட்டு என்று அறிவித்தார்கள். கிராமத்தில் நாம் அனுபவித்தது அதைவிடப் பல மடங்கு. மின்சாரம் கொடுப்பது அரசின் கடமை. ஜெனரேட்டர் ஆபத்துக்குத்தான், அன்றாடத்துக்கு இல்லை. இதைக் கேட்கத்தான் சென்னைக்குப் போகிறோம்.

ஆகவே தீர்மானம் இதுதான். கிளைக்கு இரண்டு தோழர்கள் பொறுப்பு. மிஷினோடு ஒரு நோட்டு இருக்கும். எத்தனை மணி நேரம் ஓடியது, ஆயில் எப்போது மாற்றியது, யார் ஓட்டியது எல்லாம் அதில் எழுத வேண்டும். கணக்கு இல்லாமல் யாரும் கயிறு இழுக்கக் கூடாது, செயலாளராக இருந்தாலும்!

இந்த முறை சென்னையில் முதல் பேச்சு அந்த அக்காவோடது. அவர் பேசி முடிக்கும்வரை மைக் நிற்கக் கூடாது. அதற்கு நாம்தான் பொறுப்பு.

திரண்டு வாரீர்!